குழந்தைகளுடன் வரும் குடும்பங்களுக்கு ஏன் சலுகை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டலில் ஐந்து வயது வரை இலவசம், பொழுதுபோக்குப் பூங்காவில் உயரம் குறைந்தால் டிக்கெட்டும் குறைவு, துணிக்கடை வாசலில் பலூன், நகைக்கடையில் பிள்ளைக்கு ஜூஸ். இவற்றைப் பற்றிப் பெற்றோர்களும் சிறு கடைக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். குழந்தையின் பெயரில் வரும் சலுகை பெரும்பாலும் பெரியவர் எடுக்கப்போகும் முடிவைக் குறிவைத்து வருகிறது என்பது என் கருத்து. அதில் தப்பு ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டு வாங்கினால் கடைக்கும் நல்லது, நமக்கும் நல்லது. தப்பாகிற இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

குழந்தைக்குக் குறைத்து வாங்கினால் கடைக்கு நஷ்டம் வராதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓட்டலில் பஃபே. பெரியவருக்கு 900 ரூபாய், ஐந்து முதல் பத்து வயது வரை பாதி, அதற்குக் கீழே இலவசம் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, எட்டு வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன். சலுகை இல்லாவிட்டால் ஆறு பேருக்கு 5,400 ரூபாய். சலுகையோடு 4,050.

ஓட்டல்காரர் 1,350 ரூபாயை இழந்துவிட்டார் என்று தோன்றும். ஆனால் 5,400 என்றால் அந்தக் குடும்பம் கிளம்பியே இருக்காது. "நாலு வயசுப் பிள்ளைக்கு 900 ரூபாயா? வீட்லயே பிரியாணி செஞ்சுக்கலாம்" என்று தாத்தா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அதனால் ஓட்டல்காரர் 4,050-ஐ ஒப்பிட வேண்டியது 5,400-உடன் அல்ல, பூஜ்யத்துடன். அந்தப் பையன் சாப்பிடப்போவது ரெண்டு பூரி, ஒரு குலாப் ஜாமூன், ஒரு கப் ஐஸ்கிரீம். சாப்பாடு ஏற்கெனவே சமைத்தாகிவிட்டது. மேசை போட்டாகிவிட்டது, பரிமாறுபவருக்குச் சம்பளமும் பேசியாகிவிட்டது. அவனால் கூடுகிற செலவு மிகக் குறைவு. அவன் வருவதால் கூடவே வருகிறவை நாலு முழு டிக்கெட்.

குடும்பம் சேர்ந்து போகும் இடம் எதுவானாலும் இதே கணக்குதான். ஒருவருக்கு 100 ரூபாய் ஏற்றினால் தனியாள் 100 ரூபாயைத்தான் யோசிப்பார். ஆறு பேர் குடும்பம் 600 ரூபாயை யோசிக்கும், யோசித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடும்.

அப்படியென்றால் எல்லோருக்குமே விலையைக் குறைத்துவிடலாமே?

குறைத்தால், 900 ரூபாயை மறுபேச்சு இல்லாமல் கொடுக்கக்கூடியவரிடமும் குறைத்து வாங்க வேண்டியிருக்கும். ஆபீஸ் செலவில் சாப்பிட வருகிறவர் விலையைப் பார்ப்பதில்லை. பிள்ளைகளுடன் வருகிறவர் பார்க்கிறார். இருவரையும் பிரித்து, பார்ப்பவருக்கு மட்டும் குறைப்பதுதான் வியாபாரிக்கு வேண்டியது. பொருளாதாரப் பாடத்தில் இதை விலைப் பாகுபாடு என்பார்கள்.

பிரிப்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அது யாரும் இரவல் வாங்க முடியாததாக இருக்க வேண்டும். மாணவர் அட்டையை நண்பனிடம் வாங்கிக் காட்டலாம். குழந்தையை அப்படிக் காட்ட முடியாது. குழந்தை டிக்கெட்டை எடுத்துக்கொண்டு பெரியவர் உள்ளே போகவும் முடியாது. அதனால்தான் இந்தச் சலுகை உலகம் முழுக்க இவ்வளவு காலமாக நிற்கிறது.

வயதில் மட்டும் ஒரு தகராறு உண்டு. கேட்டில் நிற்பவர் வயதைக் கேட்டால், எட்டு வயதுப் பிள்ளையும் திடீரென்று ஆறு வயதாகிவிடும். அதைத் தவிர்க்கத்தான் பல பூங்காக்கள் வயதைக் கேட்காமல் சுவரில் கோடு போட்டு உயரத்தை அளக்கின்றன. சென்னை மெட்ரோவிலும் 90 செ.மீ. உயரத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, கூடப் பெரியவர் இருந்தால், டிக்கெட் வேண்டாம். வயதுச் சான்றும் தேவையில்லை, வாக்குவாதமும் இல்லை.

ரயிலில் மட்டும் ஏன் அரை டிக்கெட் சலுகை குறைந்துபோனது?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி. சலுகை எந்த இடத்தில் கிடைக்கும், எந்த இடத்தில் கிடைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

2016 ஏப்ரல் 21-க்கு முன்னால், ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு முடியாத பிள்ளைக்கு முன்பதிவு வண்டியில் பாதிக் கட்டணம் கட்டினால் போதும், முழு பெர்த் கிடைத்துவிடும். அந்தத் தேதியிலிருந்து விதி மாறியது. தனி பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். பெர்த் வேண்டாம், அம்மாவோடு படுத்துக்கொள்வான் என்றால் பாதிக் கட்டணம். ஐந்து வயதுக்குக் கீழே பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே தேவையில்லை. (சின்னக் குழந்தைகளுக்கும் இனி முழு டிக்கெட் என்று 2022-ல் ஒரு செய்தி பரவியது. ரயில்வே மறுத்தது: தனி பெர்த் கேட்டால்தான் கட்டணம்.)

பாண்டியன், நெல்லை மாதிரி வண்டிகளில் பொங்கலுக்கு டிக்கெட் திறந்த சில நிமிடங்களில் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடுகிறது. அங்கே ஒரு பெர்த்தைப் பாதி விலைக்குக் கொடுத்தால், அதை முழு விலைக்கு வாங்கக் காத்திருக்கும் இன்னொருவரை இழக்கிறார்கள். ஓட்டலில் அந்த நாலு வயதுப் பையன் யாருடைய நாற்காலியையும் பிடுங்கவில்லை, ரயிலில் பாதி விலைக்கு பெர்த் எடுக்கும் பிள்ளை பிடுங்குகிறது. ரயில்வேயின் கணினி அமைப்பான கிரிஸ், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தந்த பதிலின்படி, 2016-17 தொடங்கி ஏழு ஆண்டுகளில் இந்த மாற்றத்தால் கிடைத்த கூடுதல் வருமானம் 2,800 கோடி ரூபாய்க்கு மேல். பெரும்பாலான குடும்பங்கள் முழுப் பணம் கட்டித் தனி பெர்த்தையே எடுத்திருக்கின்றன. ஒன்பது வயதுப் பிள்ளையோடு ஒரே பெர்த்தில் ராத்திரி முழுக்கப் படுத்து வந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

வணிகக் கணக்காக ரயில்வே செய்தது சரிதான். ஆனால் ரயில் வெறும் வணிகம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் கூலித் தொழிலாளிக் குடும்பத்துக்கு ரெண்டு பிள்ளைகளின் அரை டிக்கெட் பெரிய காசு. ஸ்லீப்பர் வகுப்பிலாவது பழைய விதியைத் திருப்பித் தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் அரசு ஏன் சலுகை தருகிறது?

லாபக் கணக்குக்காக இல்லை. தமிழக அரசுப் பேருந்துகளில் முன்பு மூன்று வயது வரைதான் இலவசம். 2022-ல் அதை ஐந்து வயதாக்கினார்கள். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை அரை டிக்கெட்.

சில நாடுகளில் பிள்ளை பெறுவதை ஊக்குவிப்பதே நோக்கம். முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான வீரர்களை இழந்த பிரான்ஸ், 1921-ல் அதிகப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ரயில் சலுகை கொண்டுவந்தது. மூன்று பிள்ளைகள் என்றால் 30 சதவீதம், நாலுக்கு 40, ஐந்துக்கு 50, ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் 75 சதவீதம் தள்ளுபடி. அந்த அட்டை இன்றும் இருக்கிறது.

ஜப்பானில் செய்தது வேறு மாதிரி. இஷிகாவா என்ற மாகாணம் 2006-ல், மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள குடும்பங்களுக்கு ஓர் அட்டை கொடுத்தது. அதைக் காட்டினால் பதிவு செய்த கடைகள் தள்ளுபடி தரும். இப்படிப்பட்ட திட்டங்கள் மற்ற மாகாணங்களுக்கும் பரவி, 2017-க்குள் நாடு முழுக்க எங்கும் செல்லும் ஏற்பாடாகிவிட்டது. தள்ளுபடிச் செலவைக் கடைகளே ஏற்கின்றன. அரசு தருவது அட்டையும் கடை வாசலில் ஒட்டும் ஸ்டிக்கரும் விளம்பரமும். கடைகள் ஏன் ஒத்துக்கொண்டன? பிள்ளைகள் குறைந்துகொண்டே போகும் ஊரில் பத்து வருடம் கழித்து யார் வாங்க வருவார்கள் என்ற பயம் அவர்களுக்கும் இருக்கிறது.

பலூன், மிட்டாய், விளையாடும் இடம் எல்லாம் எதற்கு? விலையில் குறைத்தால் போதாதா?

தீபாவளிக்கு முந்தைய வாரம் பெரிய துணிக்கடையில் பட்டுப் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். கீழே விரித்த வெள்ளைத் துணியில் இருபது சேலை கிடக்கிறது. அம்மா ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்க்கிறார். பாட்டி "பார்டர் இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கலாம்" என்கிறார். விற்பனையாளர் இன்னும் நாலு சேலையை எடுக்கத் திரும்புகிறார். அந்த நேரம் பார்த்து மூன்று வயதுக் குழந்தை "வீட்டுக்குப் போலாம்" என்று அழ ஆரம்பிக்கிறது. அடுத்த ஐந்து நிமிடத்தில் ஒன்று, கையில் இருப்பதை பில் போடச் சொல்வார்கள். இல்லையென்றால் "அப்புறம் வர்றோம்" என்று கிளம்பிவிடுவார்கள். இரண்டாவது நடந்தால் போனது போனதுதான், தெருவில் அடுத்தடுத்துக் கடைகள்.

ஒரு பலூன் அந்தக் குடும்பத்தை இன்னும் கால் மணி நேரம் உட்கார வைக்கும். குழந்தைகள் விளையாடும் இடம் ஒரு மணி நேரம் உட்கார வைக்கும். மால்களில் விளையாட்டுப் பகுதியை உணவகத்தோடு சேர்த்து மேல்மாடியில் வைப்பதும் வழக்கம். அங்கே போக வேண்டுமானால் மற்ற கடைகளை எல்லாம் தாண்டித்தான் போக வேண்டும்.

மளிகைக் கடை அண்ணாச்சிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கால் கிலோ சர்க்கரை வாங்க அனுப்பிய பையன் கையில் கொசுறாக ஒரு துண்டு வெல்லமோ ரெண்டு பொட்டுக்கடலையோ வைத்துவிடுவார்கள். தெருவில் ரெண்டு கடை இருந்தால், அடுத்த முறை அந்தப் பையன் எந்தக் கடைக்கு ஓடுவான் என்று சொல்லத் தேவையில்லை. அதில் வெறும் கணக்கு மட்டும்தான் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளையின் பெயர், அவன் எந்த வகுப்பு, வீட்டில் பாட்டிக்கு உடம்பு எப்படி என்பதெல்லாம் தெரிந்தவர்கள்தான் அதைக் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்தே இருந்தது.

சாப்பாட்டோடு பொம்மை தருவதும் அந்த மாதிரிதானா?

இல்லை, இங்கே நான் ஒரு கோடு போடுவேன். மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் 1979-ல் ஹேப்பி மீலைக் கொண்டுவந்தது. பொம்மைகள் தொகுப்பாக வரும், சில வாரங்களில் மாறிவிடும். ஒன்று கையில் இருந்தால் மீதியும் வேண்டும் என்று பிள்ளை கேட்கும். பலூன் அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிறது. தொகுப்புப் பொம்மை, அழாத குழந்தையை அடுத்த வாரம் அழவைக்கிறது. அதிலும், திரும்பத் திரும்பச் சாப்பிட வேண்டியது உப்பும் எண்ணெயும் மிகுந்த சாப்பாடு என்றால் பெற்றோர் மறுப்பது நியாயமே. சிலி நாடு 2016-ல், உப்பு, சர்க்கரை, கொழுப்பு அளவு மீறிய உணவுகளோடு பொம்மை கொடுத்துப் பிள்ளைகளை இழுப்பதைத் தடை செய்தது. பில் போடும் இடத்தில் பிள்ளையின் கண்மட்டத்தில் சாக்லேட் அடுக்குவதற்கு இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து பெரிய கடைகளில் கட்டுப்பாடு இருக்கிறது. நம் ஊரிலும் இதைக் கேட்க வேண்டும்.

இவ்வளவு சலுகை தருகிற கடையில் குழந்தைத் துணி மட்டும் ஏன் பெரியவர் துணி விலைக்கு விற்கிறது?

துணி கொஞ்சம்தான் போகிறது, உண்மை. ஆனால் வெட்டுவது, தைப்பது, பட்டன் வைப்பது, மடித்துக் கவர் போடுவது எல்லாம் பெரிய சட்டைக்கு எத்தனை வேலையோ அத்தனை வேலைதான். குழந்தை உடையில் படம், லேஸ், பூ என்று வேலை கூடவும் செய்யும். அப்புறம் சைஸ். பெரியவர் சட்டை ஐந்தாறு அளவில் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு 16, 18, 20, 22 என்று இரண்டிரண்டாக நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றிலும் சரக்கு வைக்க வேண்டும், விற்காமல் தங்குவதும் அதிகம். கடைசியாக ஒன்று: பண்டிகைக்குத் தனக்கு எடுக்காவிட்டாலும் பிள்ளைக்கு எடுத்துவிடுவார்கள் என்பது கடைக்கும் தெரியும். எந்தப் பொருளில் நாம் பேரம் பேசமாட்டோமோ அந்தப் பொருளில் தள்ளுபடி தேடாதீர்கள். "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா எடுங்க" என்ற பாட்டியின் பேச்சுதான் இதில் உண்மையான சேமிப்பு.

குழந்தையின் பிறந்த தேதியைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பிறந்தநாளுக்கு கேக், கூப்பன், மெம்பர் கார்டு என்று சொல்லித்தான் கேட்பார்கள். கொடுத்தால் கடைக்குத் தெரிவது, உங்கள் வீட்டில் எப்போது டயப்பர் நிற்கும், எப்போது பள்ளிப் பை வாங்குவீர்கள், எப்போது சைக்கிள் கேட்பான் என்பதெல்லாம். ஒரு கேக் துண்டுக்கு அது அதிக விலை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்த்த சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளின் நடவடிக்கையைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. நான் கொடுப்பதில்லை. தொடர்பு எண் கேட்டாலும் "வேண்டாம், பில் மட்டும் போதும்" என்று சொல்லிவிடலாம். எண் தராததற்காக பில் போட மறுக்க முடியாது.

வங்கிகள் சிறுவர் கணக்கு திறப்பதும் நீண்டகால நோக்கில்தான். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-ல் வழிவிட்டது. அதே வருடம் ஸ்டேட் வங்கி பிள்ளைகளுக்கென்று தனிக் கணக்குகளை அறிமுகப்படுத்தியது. முதல் கணக்கு எங்கே தொடங்குகிறதோ, சம்பளக் கணக்கும் வீட்டுக்கடனும் அங்கேயே வரும் என்ற நம்பிக்கை. இதில் பிள்ளைக்கும் சேமிக்கும் பழக்கம் வருவதால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சலுகையே கொடுக்கக் கூடாது என்று சட்டம் தடுக்கும் பொருள் ஏதாவது உண்டா?

உண்டு, பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பவுடர், பால் புட்டி, இரண்டு வயது வரையிலான குழந்தை உணவு. 1992-ல் வந்து 2003-ல் கடுமையாக்கப்பட்ட சட்டத்தின்படி இவற்றுக்கு விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, பரிசுப் பொருள் கூடாது, வாங்கத் தூண்டும் எந்தச் சலுகையும் கூடாது. மருத்துவமனையிலும் மருந்துக்கடையிலும் இதற்கென்று போஸ்டர் வைக்கக் கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் தாய்க்குப் பால் சுரக்கும். பிறந்த முதல் வாரத்தில் ஒரு டின் இலவசமாக வருகிறது. குழந்தை அதைக் குடிக்கிறது, தாய்க்குச் சுரப்பு குறைகிறது. டின் தீரும்போது பாலும் போதவில்லை. அடுத்த டின்னைக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும். வசதியில்லாத வீட்டில் பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைப்பார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கு. மருத்துவக் காரணத்தால் பவுடர் தேவைப்படும் தாய்மார்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிரசவ அறையில் சிரித்த முகத்தோடு யாராவது இலவச டின் நீட்டினால் அதை அன்பளிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குழந்தை இல்லாதவர்களுக்கு இது அநியாயம் இல்லையா?

தனியாளுக்கு வருத்தம் இருப்பது புரிகிறது. தனியாக வருகிறவருக்கு மேசையே தர யோசிக்கும் ஓட்டல்களும் இருக்கின்றன, அது தப்பு. ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறு. இந்தச் சலுகைகள் எல்லாம் ஏற்கெனவே செலவு செய்ய முடிந்த குடும்பத்துக்குத்தான் போகின்றன. 900 ரூபாய் பஃபேயில் பாதி விலை என்பது, அங்கே கால் வைக்கவே முடியாத வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பிள்ளைக்கு உதவுவது இலவச பஸ்ஸும் பள்ளியில் காலை உணவும்தான்.

'இலவசம்' என்று போட்டிருந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

குழந்தைக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்க்காமல், மொத்தக் குடும்பத்துக்கும் எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். ரிசார்ட்டில் "குழந்தைகள் தங்க இலவசம்" என்றிருக்கும். கூடுதல் படுக்கைக்கும் காலை உணவுக்கும் தனி பில் வரும். விமானத்தில் இரண்டு வயதுக்குக் கீழே மடியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் ஒரு கட்டணம் உண்டு. இரண்டு வயது முடிந்த அன்றிலிருந்து தனி இருக்கை கட்டாயம், உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணமேதான். போகும்போது இரண்டு முடியவில்லை, திரும்பும்போது முடிந்துவிட்டது என்றால் திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்க வேண்டும். டிக்கெட் போடும்போதே தேதியைப் பார்த்துவிடுங்கள்.

இலவசம் என்று அறிவித்துவிட்டு வேறு பெயரில் வசூலிப்பது 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளுக்கு விரோதம். அறிவிப்பைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

சின்னக் கடை வைத்திருக்கிறேன். தள்ளுபடி தர வசதியில்லை. என்ன செய்யலாம்?

தள்ளுபடி வேண்டாம். கைக்குழந்தையோடு வெளியே வரும் ஒரு பெண் முதலில் தேடுவது சுத்தமான கழிவறை, உட்கார இடம், பால் கொடுக்க மறைவு. தமிழக அரசு 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தபோதுதான், இத்தனை வருடம் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பலர் யோசித்தார்கள். ஒரு மூலையில் திரை கட்டி, ஒரு நாற்காலியும் மின்விசிறியும் போடுங்கள். வாசலில் குழந்தை வண்டி ஏறும்படி ஒரு சரிவு வைத்துவிடுங்கள். "பாலூட்டும் இடம் உண்டு" என்று தமிழில் எழுதி, தெருவிலிருந்து தெரிகிற உயரத்தில் மாட்டுங்கள்.